ஜன்னல் சாத்தியிருந்த அரை மணி நேரம்

மூச்சு டெஸ்ட் நடக்கும் அறையின் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கிறது. அதன் வழியே எனக்குத் தெரிவது பிலோமினாவின் இடது முழங்கையும் அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஒரு காலும்தான். முழங்கை போதும். அவள் முகத்தைவிட எனக்கு அது நன்றாகப் பழக்கம். முப்பத்திரண்டு வருஷமாக அதற்கு மருந்து தடவுகிறேன், அதன் நிறத்தை வைத்தே அவளுக்கு அந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்லிவிடுவேன். ஊதுவதற்கு வசதியாக ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள். இன்றைக்கு வெளிறின சிவப்பு, செதில் குறைவு, ஓரத்தில் மட்டும் வெள்ளையாகக் கொஞ்சம். நல்ல நாள்தான், தோலுக்கு. உள்ளே டெக்னீஷியன் பெண் கத்துகிறாள். "இழுங்கம்மா, நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்!" லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் தட்டிக்கொண்டே சொல்வானே, அந்த மாதிரி. முழங்கை முன்னால் போகிறது, நடுங்குகிறது, நின்றுவிடுகிறது. இருமல். "பரவாயில்லம்மா, இன்னொரு தடவை." மூன்று முறை ஒழுங்காக ஊத வேண்டுமாம். இதோடு ஐந்து முறை ஆகிவிட்டது, ஒழுங்காக எத்தனை என்று தெரியவில்லை. நானும் இங்கே பெஞ்சில் வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார்.

தோல் டாக்டர் எதற்கு மூச்சைப் பற்றிக் கேட்டார் என்றுதான் எனக்கு முதலில் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிற இடம், அவர் பார்ப்பார், களிம்பை மாற்றுவார் அல்லது மாற்றமாட்டார், நாங்கள் வந்துவிடுவோம். போன வாரம் பிலோமினா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், "இந்தக் களிம்பு போட்டா, டாக்டர், கொஞ்சம் எரியுது," என்று. அவர் பேனாவை வைத்துவிட்டு, "மூச்சு வாங்குதாம்மா?" என்றார். அவள் இல்லையே என்றாள். "மாடி ஏறி வந்தீங்களா?" "லிஃப்ட்லதான், வந்தோம்." "பிறகு ஏன் ஒரு வரிக்கு ரெண்டு தடவை நிறுத்துறீங்க?" அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. கூடவே இருக்கிறவனுக்குக் கேட்கவில்லை. ஒரு வருஷமாகவா, இரண்டு வருஷமாகவா, அவள் பேச்சுக்குள் சின்னச் சின்னக் கால்புள்ளிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசகம் வாசிப்பதை ஈஸ்டருக்குப் பிறகு விட்டுவிட்டாள். கேட்டதற்கு, சின்னப் பிள்ளைகள் வாசிக்கட்டும், எவ்வளவு நாள் நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றாள். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். வாசகத்தில் நீளமான வாக்கியம் வந்தால் நடுவில் மூச்சு அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல மனசாம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், நெஞ்சு டாக்டருக்கு. "சொரியாசிஸ் தோலோட நின்னுக்கிற வியாதி இல்ல சார். இத்தனை வருஷமா இருக்கிறவங்களுக்கு மூட்டு, இதயம், நுரையீரல் எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துக்கணும்." நான் தலையாட்டினேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன், ஒரு இடத்தில் கசிந்தால் வேறு இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியாதா எனக்கு.

அந்தக் குரலைத்தான் நான் கட்டிக்கொண்டேன். நிச்சயம் ஆன பிறகு கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது, பார்க்கக் கூடாது பேசக் கூடாது. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். நான் மதிய ஷிஃப்டு முடிந்ததும் தபால் ஆபீசுக்குப் போய் திண்டுக்கல்லில் இருக்கும் மாமாவுக்கு டிரங்க் கால் புக் பண்ணுவேன். மாமாவிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. மாமா சௌக்கியமா, மழை உண்டா. லைன் கொடுக்கும்போது அவள் குரல் வரும், மூன்று நிமிஷம் முடிந்ததும் மறுபடி வரும், "மூணு நிமிஷம் முடிஞ்சது, நீட்டிக்கிறீங்களா?" ஒரே மூச்சில், வழுக்கிக்கொண்டு, கண்ணாடி மாதிரி. நீட்டிக்கிறேன் என்பேன். ஐந்தாவது தடவையோ என்னவோ, "நீட்டிக்கிறீங்களா சார், இல்ல மாமா பாவம்னு விட்டுர்றீங்களா?" என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அந்த மூச்சை இப்போது ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஊதச் சொல்லி அளந்துகொண்டிருக்கிறார்கள். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க." இருமல். முழங்கை தாழ்கிறது.

கவுண்டரில் ஒரு தாள் கொடுத்தார்கள், நான்தான் நிரப்பினேன். பெயர், வயது அறுபத்தொன்று, உயரம், எடை. நோயாளிக்குப் புகைப்பழக்கம் உண்டா, இல்லையா. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். உண்மைதானே. அவள் ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை, சட்டையைத் துவைக்கும்போது பாக்கெட்டில் இருந்தால்கூட என்னைத்தான் எடுக்கச் சொல்வாள். டிக் போட்டேன். அதற்குக் கீழே எனக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதிலிருந்து இந்த ஒன்று மட்டும் போகமாட்டேன் என்கிறது, வேறு எதையாவது நினைப்போம் என்று ஓசூரில் மகள் ஜெனிட்டாவை நினைத்தால் அவள் பிறந்த வருஷம் வருகிறது, அவள் பிறந்த வருஷம் வந்தால் பிலோமினாவின் முழங்கையில் முதல் புள்ளி வருகிறது, புள்ளி வந்தால் மருந்து, மருந்து வந்தால் ஜன்னல். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஜன்னலில் போய் முட்டிக்கொள்கிறேன்.

ஜெனிட்டாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஆரம்பித்தது. முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு. பிறகு மற்ற முழங்கை, தலை, கடைசியில் முதுகு. எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டும் இடத்தில் தலையிலிருந்து உதிர்ந்து கறுப்பு போர்டில் வெள்ளையாகக் கிடக்கும், அடுத்த ஷிஃப்டுக்காரி வருவதற்குள் துடைக்க ஒரு சின்ன பிரஷ் வைத்திருந்தாள். ரவிக்கை தைக்கிற பெண் அளவெடுக்கும்போது டேப்பின் இரண்டு நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு கை படாமல் அளந்தாளாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே அதை நடித்துக் காட்டினாள். அடுத்த வாரமே முழங்கை மறைகிற மாதிரி கை வைத்துத் தைத்துக்கொண்டாள். ஒட்டிக்கொள்ளாத வியாதி என்று எத்தனை பேருக்குச் சொல்வது? எனக்கு அருவருப்பு இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. கர்த்தர் மேல் ஆணையாகச் சொல்வேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு, இன்று வரை உண்டு. ஒர்க்‌ஷாப்பில் யாராவது பெண்டாட்டியைப் பற்றிக் குறை சொன்னால், நான் மனசுக்குள் என் கையைப் பார்த்துக்கொள்வேன், இந்தக் கை தினமும் செய்கிற வேலையைப் பாருடா என்று.

அப்போது கொடுத்தது தார் மருந்து. கறுப்பாக, கெட்டியாக. ஆறரை மணிக்கு ஜெனிட்டா டியூஷன் போனதும் பிலோமினா குப்புறப் படுத்துக்கொள்வாள், பழைய போர்வை விரித்து. நான் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தடவுவேன், புள்ளி புள்ளியாக, நல்ல தோலில் படாமல். "புதுசா ரோடு போட்டாச்சா?" என்பாள். "இன்னும் மதகு இருக்கு," என்பேன். தடவியானதும் அரை மணி நேரம் அசையக் கூடாது, துணி படக் கூடாது. முதுகு திறந்து கிடக்கிறது, எதிர் குவார்ட்டர்ஸ் வாசல் நேர் எதிரே. அதனால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஃபேன் போட்டால் குளிரும் என்பாள், ஃபேனும் இல்லை. கையைத் துடைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஒரு சிகரெட் பற்ற வைப்பேன். தார் வாடைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாடைக்கு இல்லை. நாளெல்லாம் காத்திருந்து வருகிற அந்த அரை மணி நேரம் அவ்வளவு சுகமாக இருந்தது, சிகரெட் இல்லாமல் அதை அனுபவிக்க எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அவள் கன்னத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் கேட்ட கதையெல்லாம் சொல்வாள். நான் என் ஃபோர்மேனைப் பற்றிச் சொல்வேன். எங்களுக்குள் எந்த விஷயமும் அந்த அறையில் பேசப்படாமல் போனதில்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. இருபது வருஷத்துக்கு மேல், சாத்தின அறையில், எழுந்து போக முடியாமல் படுத்திருக்கிறவளுக்குப் பக்கத்தில். புகை மேலே போகாது அந்த அறையில், ஓடு தாழ்வு. கட்டில் உயரத்தில் தட்டையாக நிற்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அழகாகக்கூட இருந்தது.

கதவு திறக்கிறது. பிலோமினா வெளியே வருகிறாள், புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு. நான் எழுந்துகொள்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?"

"இல்லங்க. ஒரு மருந்தை, உறிஞ்சச் சொன்னா. கால் மணி நேரம் கழிச்சு, மறுபடி ஊதணுமாம். மருந்துக்கு மூச்சு, கூடுதான்னு பார்ப்பாங்களாம்."

"அந்தப் பொண்ணு ஏன் இப்படிக் கத்துது?"

"பாவம், அவ சொல்லிக் கொடுக்குறா. பலூன் கூட ஊதத் தெரியாதாம்மான்னு, கேட்டா. நான் ஜெனிட்டா பர்த்டேக்கு முப்பது ஊதினவளாக்கும்னு, சொன்னேன்." சிரிக்கிறாள், சிரிப்பு இருமலாகிறது, அடங்குகிறது. "நீங்க ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? உங்களுக்கா டெஸ்ட்?"

தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிறேன். இப்போது சொல்லிவிடலாம். பிலோ, அந்த அரை மணி நேரம், என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் அவளுக்குப் புரிந்துவிடும். சிகரெட்டை விட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்று இன்னொரு பக்கம் ஒருவன் உள்ளே வாதாடுகிறான், ரிட்டையர் ஆன அன்றைக்கே விட்டாயே, ஒரே நாளில், யாரும் சொல்லாமல். ஆமாம், விட்டேன். அதற்குள் அவளுக்குத் தார் மருந்தே நின்றுபோய் வேறு களிம்பு வந்துவிட்டது, ஐந்து நிமிஷத்தில் காய்கிறது, அரை மணி நேரம் தேவையில்லை. தேவையில்லாமல் போன பிறகுதான் விட்டேன். அவள் என் சட்டைப் பொத்தான் ஒன்று தவறிப் போட்டிருப்பதைப் பார்த்துக் கழற்றிச் சரியாக மாட்டிவிடுகிறாள், பேசாமல், நாலு பேர் பார்க்க. அவள் விரல் நகங்களில் ஊசி குத்தின மாதிரி குழிகள், அதுவும் அந்த வியாதிதான். "பயப்படாதீங்க," என்கிறாள். யார் யாருக்குச் சொல்கிறது. "பிலோமினா அம்மா, வாங்க," என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள். அவள் போகிறாள். இந்தத் தடவை கதவை முழுதாகச் சாத்திவிட்டார்கள், முழங்கைகூட இல்லை, குரல் மட்டும், "இன்னும் இன்னும் இன்னும்," கையில் அவள் குடித்து மிச்சம் வைத்த பாட்டில்.

நெஞ்சு டாக்டர் நிலோஃபர் சின்ன வயதுக்காரி, ஜெனிட்டாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருந்தால் அதிகம். கம்ப்யூட்டரில் ஒரு கோடு, மலை மாதிரி ஏறி, இறங்கும்போது குழிந்து போகிறது. குழியக் கூடாதாம். "அம்மா வயசுக்கும் உயரத்துக்கும் நூறு இருக்கணும்னா ஐம்பத்தெட்டு இருக்கு. மருந்து கொடுத்த பிறகு அறுபத்தொண்ணு. பெருசா ஏறல. அதனால ஆஸ்துமாவா தெரியல. சி.ஓ.பி.டி.ன்னு சொல்லுவோம், மூச்சுக்குழாய் நாள்பட்டுச் சுருங்கிப்போறது." நிறுத்தி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "சுருங்கினது பழையபடி ஆகாது. ஆனா மேற்கொண்டு போகாம மருந்துல பிடிச்சு வைக்கலாம். நிறைய பேர் நல்லா இருக்காங்க."

"நான் புகை, பிடிச்சதில்லையே டாக்டர்," என்றாள் பிலோமினா.

"சொரியாசிஸ் இருக்கிறவங்களுக்கு இது மத்தவங்களைவிட அதிகமா வர்றதைப் பார்த்திருக்காங்கம்மா. தோல்ல தெரியுதே அழற்சி, அது உடம்புக்குள்ளயும் ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல முழுசா என்ன நடக்குதுன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க." பேனாவை எடுத்தாள். "விறகடுப்புல சமைச்சீங்களா? வீட்ல வேற யாராவது சிகரெட்?"

"இல்ல," என்றாள் பிலோமினா. அந்த ஒரு வார்த்தை பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில் வந்தது, ஒரே மூச்சில், வழுக்கிக்கொண்டு.

"நான்," என்றேன். என் குரல் எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது. "நான் பிடிச்சேன் டாக்டர். இப்ப ஒன்பது வருஷமா இல்ல. அதுக்கு முன்னாடி தினமும். இவளுக்கு முதுகுல மருந்து போட்டுட்டு, இவ பக்கத்துலயே உட்கார்ந்து. அரை மணி நேரம். ஜன்னலைச் சாத்திக்கிட்டு."

டாக்டரின் பேனா நின்றது. சமாதானம் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போல. சொல்லவில்லை. எழுதிக்கொண்டாள். எத்தனை வருஷம் என்று கேட்டாள், சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டாள்.

"அப்ப இது என்னால வந்ததா?"

"அதுவும் சேர்ந்திருக்கும் சார். அது எவ்வளவு, வியாதி எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"சும்மா ஒரு அளவுக்காவது..."

"முடியாது சார்," என்றாள், கோபமில்லாமல். எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. பாதி என்றிருந்தால் பாதியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன், முழுசும் என்றாலும் சரி என்றிருப்பேன். ஃபிட்டருக்கு அளவு இல்லாமல் வேலை ஓடாது. அளவில்லாமல் எதைத் தூக்குவது, எங்கே வைப்பது.

வெளியே வந்ததும் வராந்தாவில் பாதி தூரத்திலேயே அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. ஒரு வார்டுபாய் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனான், அந்தச் சத்தம் தேய்ந்து போனது.

"ஏன் இல்லைன்னு சொன்ன?" என்றேன்.

"சட்டுன்னு வந்துருச்சு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புகை நல்லதுன்னு, எவளாவது நினைப்பாளா? எனக்கு அப்பவே, தொண்டை கமறும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பிலோ. வெளிய போய்ப் பிடிங்கன்னு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைச் சேர்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு இப்போது தெரியும், ஒரு வாரத்துக்கு முன்னால் யோசிக்கிறாள் என்று நினைத்திருப்பேன். "சொல்லியிருந்தா, நீங்க போயிருப்பீங்க," என்றாள். "உடனே, எழுந்து போயிருப்பீங்க. அதான் சொல்லல."

அவளே மறுபடி சொன்னாள், என்னைப் பார்க்காமல், நகத்தைத் தடவிக்கொண்டு. "அந்தத் தையக்காரி டேப்பைப் பிடிச்சா பாருங்க, அன்னைக்கு சாயந்திரம் நீங்க, எப்பவும் போலத் தடவினீங்க. தடவிட்டு எழுந்து போகல. பக்கத்துல உட்கார்ந்தீங்க. எனக்கு அந்த வாடைதான், நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். குப்புறப் படுத்துக் கிடக்கிறவளுக்கு, வேற என்ன தெரியும்?"

உட்கார்ந்தேன். அவள் முழங்கை என் கையில் பட்டது, துணிக்கு மேலே, சொரசொரவென்று. கேட்காமல் இருக்க முடியவில்லை. "கோபம் இருக்கா?"

"இருக்கு," என்றாள். "நீங்களா யோசிச்சிருக்கணும்ல? நான் சொல்லலைன்னா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சிருக்கணும். வீட்டுக்குப் போய், வெச்சுக்கறேன். இப்ப சண்டை போட, மூச்சு இல்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் பாதி பாதி வந்தது எனக்கு. அவள் கர்ச்சீப்பைக் கொடுத்தாள்.

மருந்துக் கடையில் கூட்டமில்லை. கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி இன்ஹேலரைப் பிரித்துக் குலுக்கிக் காட்டினாள். "மூச்சை முழுசா வெளிய விட்டுருங்க. வாயில வெச்சு, அமுக்கும்போதே மெதுவா உள்ள இழுங்க. இழுத்ததும் பத்து எண்ணுற வரைக்கும் விடாதீங்க, மருந்து உள்ள போய்த் தங்கணும். சார், நீங்க எண்ணுங்க." பிலோமினா வாயில் வைத்தாள், அமுக்கினாள், இழுத்தாள். முதல் புகையில் பாதி உதட்டோரமாக வெண்மையாக வெளியே வந்தது. "இன்னொரு தடவை," என்றாள் அந்த அம்மாள். இந்தத் தடவை வெளியே ஒன்றும் வரவில்லை. பிலோமினா வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள், கன்னம் உப்பி, கண் விரிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. என்னால் வாயைத் திறந்து எண்ண முடியவில்லை. விரலை மடக்கி மடக்கிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறில் அவள் கழுத்து நரம்பு துடித்தது. எட்டில் விட்டுவிட்டாள். "எட்டு பரவாயில்லம்மா, போகப் போக வந்துரும்," என்றாள் கடைக்காரம்மா.

நான் ஒன்பதை மடக்கினேன், பத்தை மடக்கினேன். நெஞ்சு முட்டிக்கொண்டு காது அடைத்தது. பிலோமினா என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"நீங்க ஏன் அடக்குறீங்க? விடுங்க."

விட்டேன்.